முச்சந்தியில் நின்ற வண்டிகள்

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அவளுடைய அண்ணன்கூட அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் பல வருடம் பேருந்துகளின் புறப்பாட்டை அறிவித்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. ஒருநாள் நிலையத்தில் பதிவு செய்த குரல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் அரை மணி நேரம் தூணோரம் நின்று அதைக் கேட்டாள். "இவளுக்கு இருமல்கூட வராது போலிருக்கு" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுக்கிய பாத்திரங்களைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். துவைத்த துணியைத் திரும்பவும் துவைத்தாள். அவள் கணவர் காய்கறி ஏற்றும் சிறிய வேன் ஒன்றை ஓட்டினார். பதறாத மனிதர். பின்னால் வருகிறவன் ஒலியெழுப்பினால், அவனுக்கு என்ன கஷ்டமோ என்று யோசிக்கிறவர்.

"கொஞ்சம் உட்காரேன்" என்றார் அவர்.

"உட்கார்ந்துதான் இருக்கேன்" என்றாள் அவள், நின்றுகொண்டே.

விவசாயிகள் சங்கச் செயலாளர் தேடி வந்தபோது அவளைவிடக் கணவருக்குத்தான் நிம்மதி. சங்கம் உறுப்பினர்களின் கைபேசிக்குத் தினமும் ஒரு குரல் செய்தி அனுப்ப நினைத்தது. அந்தப் பகுதி முழுக்கத் தக்காளி. அதை விற்க இரண்டு சந்தைகள்: ஒன்று நகரத்தில், இன்னொன்று துறைமுகத்தில். எங்கே என்ன விலை என்று தெரியாமலே விவசாயிகள் ஏதாவது ஒரு பக்கம் வண்டியை விட்டுக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு மண்டிக்காரர் நம்பர் தர்றேன். காலையில கேட்டு, கேட்டதைச் சொல்லிடுங்க. உங்க குரல்னா கேப்பாங்க" என்றார் செயலாளர். உரக்கடைக்குப் பின்னால் இருந்த சங்க அறையில் ஒரு மேசையும் நாற்காலியும் கொடுத்தார். உரத்தின் நெடி கண்ணைக் கரித்தது.

அந்த நாற்காலியில் அவள் ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள். மண்டிக்காரர்கள் கொட்டாவி விட்டபடி முந்தின நாள் விலையையே சொல்கிறார்கள் என்று அவர்களுடைய குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் கணவரின் வேனில் ஏறிக்கொண்டாள். பிறகு ஒருநாள் நகரம், ஒருநாள் துறைமுகம் என்று அலைந்தாள். யாரும் சொல்லாமலே சில விஷயங்கள் பிடிபட்டன. வாசலில் காலிப் பெட்டிகள் உயர்ந்து நிற்கும் மண்டிக்குச் சரக்கு வேண்டும். மண்டிக்காரர் உட்கார்ந்து நிதானமாகக் கணக்குப் பார்த்தால் சரக்கு போதும். பார்த்ததை வேனின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கைபேசியில் சொல்வாள். பேருந்து புறப்பாட்டைச் சொன்ன அதே ராகம்: "வணக்கம். மைக் அக்கா பேசறேன். இன்று நகரச் சந்தையில் தக்காளி வரத்து அதிகம். துறைமுகச் சந்தையில் பழுத்த காய் வேண்டாம், செங்காய் கேட்கிறார்கள்." தக்காளி எந்த மேடையிலிருந்து கிளம்பும் என்று சொல்லவில்லையே என ஊரார் சிரித்தார்கள். சிரித்தாலும் கேட்டார்கள். கேட்டு நாலு பேர் நல்ல விலைக்கு விற்றதும் மற்றவர்களும் சேர்ந்தார்கள்.

கேட்டும் சேராதவள் ஒருத்தி, அவள் அண்ணன் மகள். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, நகரத்தில் வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி வீட்டுக்கு வந்தவள். அந்த 'வரை' நீண்டுகொண்டே போனது. அப்பாவின் தோட்டத்தில் பெட்டி சுமப்பாள். இடையிடையே கைபேசியில் வேலைக்கு விண்ணப்பிப்பாள்.

"அத்தை, நீங்க சொல்றது எப்பவும் நேத்து விலை" என்பாள்.

"காலையில பார்த்துட்டு வந்து சொல்றேன்டி."

"நீங்க சொல்லி, நாங்க பறிச்சு, வண்டி பிடிச்சுப் போறதுக்குள்ள அது நேத்து ஆயிடுதில்ல?"

"உனக்கு வாய் மட்டும் ஊர் எல்லை வரைக்கும் இருக்கு. வேலை கிடைச்சுப் போனாலாவது நிம்மதியா இருப்பேன்."

"நானும் அதுக்குத்தான் காத்திருக்கேன்."

அந்த வருடம் தெற்கே பெருமழை பெய்து தோட்டங்கள் மூழ்கின. துறைமுகச் சந்தையில் மைக் அக்கா போய் இறங்கியபோது காலிப் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. மண்டிக்காரர்கள் சாலைக்கு வந்து எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். விலை இரண்டு மடங்கு. சந்தோஷத்தில் வேனுக்குக்கூடத் திரும்பாமல் அங்கேயே கைபேசியை எடுத்தாள். "துறைமுகத்தில் தக்காளியே இல்லை. என்ன கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்வார்கள்" என்று செய்தி அனுப்பினாள். ராகம்கூட மறந்துபோனது.

மறுநாள் அண்ணன் வீட்டுத் தக்காளியை ஏற்றிக்கொண்டு கணவர் வேனைக் கிளப்பினார். அவளும் அண்ணன் மகளும் முன்னால் உட்கார்ந்தார்கள். துறைமுகத்துக்கு முந்தின பாலத்திலேயே வேன் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் தக்காளி வண்டிகள். விபத்தாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். இறங்கி நடந்தாள். வண்டிக்கு வண்டி தெரிந்த முகமாக இருந்தது. எல்லாம் சங்கத்து ஆட்கள்.

மண்டிக்காரர்கள் வெளியே வந்து வரிசையைப் பார்த்தார்கள். திரும்பி உள்ளே போனார்கள். வண்டிகள் நகர நகர விலை இறங்கியது. வெயில் ஏறியதும் வாங்குவதையே நிறுத்தினார்கள். அடிப்பெட்டிகள் நசுங்கிச் சாறு சாலையில் ஒழுகியது, குளவிகள் மொய்த்தன. யாரிடமோ அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பாட்டிலை நீட்டியவர் அவள் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானே அந்த அக்கா?"

அவள் தலையாட்டினாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் வந்தேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தண்ணீரைக் குடித்திருப்பாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேனுக்கு வந்தாள்.

மதியத்துக்கு மேல் ஆட்கள் பெட்டிகளைப் பாலத்தின் ஓரத்தில் கவிழ்க்க ஆரம்பித்தார்கள். அண்ணன் மகளும் கவிழ்த்தாள். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவள் சொல்லுவாள் என்று மைக் அக்கா காத்திருந்தாள். அவள் சொல்லவில்லை. தக்காளிச் சாறு ஒட்டிய கையைத் துடைக்காமல் உட்கார்ந்து வந்தாள்.

ஊர் திரும்பியதும்தான் அடுத்த செய்தி. அன்றைக்கு நகரச் சந்தையில் தக்காளிக்குப் பஞ்சம். அங்கே சரக்கோடு போனவள் ஒரே ஒருத்தி. அவள் மேட்டுத் தோட்டத்துக்காரி. சங்கக் கூட்டத்தில் எதைச் சொன்னாலும் 'அதெல்லாம் சரிப்படாது' என்று எழுந்து நிற்பதால் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர். கணவன் இல்லை. சிறிய தோட்டம், பெரிய தொண்டை. அன்று அவள் சொன்ன விலைக்கு நகரத்து மண்டிக்காரர்கள் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டார்களாம்.

மைக் அக்கா வீட்டுக்குள் போகாமல் அப்படியே மேட்டுத் தோட்டத்துக்கு நடந்தாள். எதிர்க்கட்சி குழாயடியில் காலிப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் அனுப்பற செய்தியை நீங்க கேக்கறதே இல்லையா?"

"ஒருநாள் விடாம கேக்கறேன்."

"அப்புறம் ஏன் துறைமுகம் வரலை?"

"கேட்டதாலதான் வரலை" என்றாள் எதிர்க்கட்சி, பெட்டியைக் கவிழ்த்தபடி. "நீ எங்க போகச் சொல்றியோ அங்க எல்லாரும் போவாங்க. அதனால நான் மத்தப் பக்கம் போவேன். நாலு மாசமா இப்படித்தான் போயிட்டிருக்கேன். நல்லா இரு நீ."

மைக் அக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "நான் பொய் சொல்லலையே" என்றாள்.

"யாரு சொன்னா பொய்னு? உண்மையைத்தான் சொன்னே. எல்லார் காதுலயும் ஒரே நேரத்துல சொல்லிட்டே."

மறுநாள் அவள் செய்தி அனுப்பவில்லை. செயலாளர் வீடு தேடி வந்தார். கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள், பிறகு ஆரம்பிக்கலாம் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் அவள் வாசலுக்கும் சமையலறைக்குமாகப் பலமுறை போய் வந்துவிட்டாள். மறக்கட்டும் என்று காத்திருப்பது அவளால் ஆகாத காரியம். பாலத்தின் ஓரத்தில் குவிந்து கிடந்த சிவப்பு, கண்ணை மூடினால் வந்து நின்றது.

விலையைச் சொன்னால்தானே எல்லோரும் ஒரே பக்கம் ஓடுகிறார்கள், யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதையே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டாள். ஒருவர் விடாமல் எல்லோரும் துறைமுகம் என்றார்கள். கேட்டுக் குறித்ததை அண்ணன் மகளிடம் காட்டினாள். அவள் கூட்டிப் பார்த்துவிட்டு, அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அத்தை, வண்டியே இல்லாதவங்ககூட துறைமுகம் போறாங்க. எல்லாரும் நம்ம காதுல பூ சுத்தறாங்க. எல்லாரும் துறைமுகம்தான்னு நீங்க சொன்னா மத்தவங்க அங்கயே ஓடுவாங்க, நகரம் காலியா இருக்கும், தான் மட்டும் அங்க போகலாம்னு கணக்கு."

"எல்லாருமா?"

"எதிர்க்கட்சி வித்த கதை ஊரெல்லாம் பரவிடுச்சில்ல."

இரண்டு பேரும் வெகுநேரம் சண்டை போட்டார்கள். சண்டையின் நடுவே அண்ணன் மகள்தான் சொன்னாள்: மனிதர்களைக் கேட்க வேண்டாம், வண்டிகளைப் பார்த்தால் போதும். ஊர்ச் சாலை போய்ச் சேரும் முச்சந்தியில்தான் ஒரு சாலை நகரத்துக்கும் இன்னொன்று துறைமுகத்துக்கும் பிரிகிறது. எந்த வண்டியும் அதைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது.

மறுநாள் விடியலில் அண்ணன் மகளும், அவளைப் போலவே படித்துவிட்டு வீட்டில் இருந்த தோழிகள் இருவரும் முச்சந்தியின் பஞ்சர் கடையருகே நின்றார்கள். எந்தப் பக்கம் எத்தனை வண்டி திரும்பியது என்று எண்ணிச் சொல்ல, மைக் அக்கா சுடச்சுட அறிவித்தாள். அதில் 'நேத்து' இல்லை. நகரத்துக்குப் போக நினைத்தவர் அந்தப் பக்கம் கூட்டம் என்று கேட்டு வண்டியைத் துறைமுகத்துக்குத் திருப்பினார். சில வாரங்களில் வண்டிகள் இரண்டு பக்கமும் பிரிந்து போகப் பழகின. விலை ஏறவில்லை, ஆனால் பாதாளத்துக்கும் போகவில்லை. பாலத்தின் ஓரத்தில் யாரும் எதையும் கவிழ்க்கவில்லை. அண்ணன் மகளுக்கு நகரத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அடுத்த மாதம் வருகிறேன் என்று பதில் போட்டாள். அவள் அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மைக் அக்கா தெருவில் தலை நிமிர்ந்து நடந்தது அந்தக் கொஞ்ச காலம்தான்.

நகரச் சந்தையில் ஒரு பெரிய மண்டிக்காரர் அவளை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். நல்ல மனிதர். வாங்கின சரக்குக்கு அன்றைக்கே பணம் தருகிறவர். "அக்கா, உங்க குரலைக் கேக்காம நான் இப்பல்லாம் கடையே திறக்கறதில்ல" என்றார்.

அவள் பூரித்துப்போனாள். "நீங்களும் கேக்கறீங்களா?"

"இங்க எல்லாருமே கேக்கறோம். எத்தனை வண்டி வருதுன்னு முன்னாலயே தெரிஞ்சிடுதில்ல. எவ்வளவு கம்மியா கேட்கலாம்னு உக்காந்து பேசிக்க நேரம் கிடைக்குது."

அவர் அதை ஒளிவுமறைவில்லாமல், பாராட்டாகவே சொன்னார். தேநீர் அவள் கையிலேயே ஆறியது. எழுந்து சந்தையைச் சுற்றினாள். வெங்காயக் கடைகள், முட்டைக்கோஸ் கடைகள், மறுபடி தக்காளி. எதையும் பார்க்கவில்லை. கணவர் தேடி வந்து, பெட்டிக் குவியலுக்குப் பின்னால் நிற்கிறவளைக் கண்டுபிடித்தார்.

"என்ன ஆச்சு?"

"நான் யாருக்குங்க பேசிட்டிருக்கேன்?" என்றாள்.

அன்று அண்ணன் வீட்டுக் கிணற்றடியில் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்றாள். அண்ணன் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "நிறுத்தினா அவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. நம்ம ஆளுங்கதான் மறுபடி கண்ணைக் கட்டிக்கிட்டுப் போவாங்க."

"அப்ப அவங்க கேக்கறதை எப்படித் தடுக்கறது?"

"தடுக்க முடியாது. ஊரெல்லாம் போற செய்தி."

மைக் அக்கா கிணற்றைச் சுற்றி நடந்தாள். நடந்துகொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். "கேக்கட்டும்" என்றாள். "வண்டி வருதுன்னு சொன்னாத்தானே விலையைக் குறைக்கறாங்க? வரலைன்னு சொல்லுவோம். பொய்யா இல்ல, நிஜமாவே வராம இருப்போம்."

மேட்டுத் தோட்டத்துக்கு மறுபடி போனாள். "நாளைக்கு எந்தப் பக்கம் போறீங்க?"

"நீ போகாத பக்கம்" என்றாள் எதிர்க்கட்சி.

"நான் எந்தப் பக்கமும் போகலை. எல்லா வண்டியும் முச்சந்தியிலேயே நிக்கப் போகுது. விலை பேசி முடிஞ்சாத்தான் கிளம்பும். பேசறதுக்கு ஆள் வேணும். எனக்கு அறிவிக்கத்தான் தெரியும், சண்டை போட வராது."

எதிர்க்கட்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதெல்லாம் சரிப்படாது" என்றாள். ஆனால் விடியலில் முச்சந்திக்கு முதல் ஆளாக வந்தவள் அவள்தான், வீட்டிலிருந்து ஒரு நாற்காலியும் எடுத்துக்கொண்டு.

மைக் அக்கா இரவே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தபடி, வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து ஓரங்கட்டின. "மைக் அக்கா பேசறேன். வண்டிகள் எல்லாம் முச்சந்தியில் நிற்கின்றன. எந்தப் பக்கமும் கிளம்பவில்லை. வாங்க விரும்புகிறவர்கள் விலையைச் சொல்லலாம்" என்று செய்தி போனது. பிறகு அமைதி. கைபேசி சும்மா கிடந்தது. வெயில் மெல்ல ஏறியது. ஓட்டுநர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பெட்டிகளை மூடியிருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர் வண்டியைக் கிளப்பி நகரத்துப் பக்கம் கம்பி நீட்டினார். பின்னாலேயே இன்னொருவர்.  இன்றைக்கும் கெட்டுப்போனால் இந்த ஊரில் யார் முகத்தில் விழிப்பது என்றிருந்தது மைக் அக்காவுக்கு. ஒவ்வொரு வண்டியிடமும் ஓடி ஓடி, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். அவள் பதற்றத்தைப் பார்த்துப் பார்த்தே மற்றவர்களுக்கும் பதற்றம் தொற்றியது.

அப்போது அவள் கணவர் ஒரு காரியம் செய்தார். வேனின் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பஞ்சர் கடைப் பலகையில் போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிக்கொண்டார். யாரையும் நிற்கச் சொல்லவில்லை. பக்கத்து ஓட்டுநர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு தானும் இறங்கி வந்து உட்கார்ந்தார். அடுத்தடுத்து இஞ்சின்கள் அணைந்தன.

முதலில் கூப்பிட்டவர் துறைமுகத்து மண்டிக்காரர். எதிர்க்கட்சி கைபேசியை வாங்கிக்கொண்டாள். "அந்த விலைக்கா? அதுக்கு உங்க வீட்டுச் சமையலுக்கு ஒரு பெட்டி அனுப்பறேன், வெச்சுக்கங்க" என்று சொல்லித் துண்டித்தாள். மறுபடி மணி அடித்தது. மறுபடி துண்டித்தாள். மைக் அக்காவால் அங்கே நிற்க முடியவில்லை, சாலையின் மறுபக்கம் போய்த் திரும்பி நின்றாள்.

நகரத்து மண்டிக்காரர் நேராகவே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். தேநீர் வாங்கிக் கொடுத்த அதே மனிதர். "இப்படிப் பண்ணலாமா அக்கா?" என்றார். உண்மையிலேயே மனம் நொந்திருந்தார்.

"என் குரலைக் கேட்டுத்தான் கடை திறப்பேன்னு சொன்னீங்க. இன்னைக்கும் கேட்டுட்டுத்தானே வந்திருக்கீங்க" என்றாள் மைக் அக்கா.

பேரம் சூடாக நடந்தது. முடிவில் பாதி வண்டிகள் நகரத்துக்கும் மீதி துறைமுகத்துக்கும் முன்பே பேசிய விலையில் கிளம்பின. பெரிய விலை ஒன்றுமில்லை. ஆனால் வழியில் இறங்காத விலை. மிஞ்சிய பழுத்த காய்க்கு அண்ணன் மகள் வழி வைத்திருந்தாள். தக்காளிக்கூழ் ஆலை ஒன்றோடு அவள் ஒரு வாரமாகத் தொலைபேசியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பழுத்ததுதான் வேண்டும். அன்றைக்குப் பாலத்தின் ஓரத்தில் கவிழ்த்தது எல்லாம் அவர்களுக்கு ஆகும் சரக்கு.

எல்லா நாளும் அப்படி நடக்கவில்லை. மழை நாளில் காத்திருக்க முடியாது. சில நாள் இரண்டு சந்தையும் கல்லுப்பிள்ளையாராக அசையாமல் இருந்தன, வந்த விலைக்குக் கொடுத்தார்கள். சங்கத்தை விட்டுப் போனவர்களும் உண்டு. ஆனாலும் முச்சந்தியில் ஒரு தகரக் கொட்டகை எழுந்தது, எடை மேடை வந்தது. வெயிலில் காய் வெம்பாமல் காத்திருக்க முடிந்தது. அண்ணன் மகள் மாதத்தில் பாதி நாள் நகரத்தில் இருந்தாள், மாணவர் விடுதிகளிலும் உணவகங்களிலும் ஏறி இறங்கி ஆர்டர் பிடிப்பதற்காக. தோழிகள் கொட்டகையில் தரம் பிரித்தார்கள். மகள் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள் என்றே அவள் அப்பா இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார்.

போன மாதம் கொட்டகைக்கு ஒரு கார் வந்தது. பல ஊர்களில் கிளைகள் உள்ள பெரிய அங்காடி ஒன்றின் ஆட்கள். மொத்தத் தக்காளியையும் வருடம் முழுக்க ஒரே விலைக்கு எடுத்துக்கொள்கிறோம், ஆனால் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றார்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கண் விரிந்தது. எதிர்க்கட்சி எழுந்து சரிப்படாது என்றாள். இவள் எதற்குத்தான் சரி என்பாள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். செயலாளர் மைக் அக்காவைப் பார்த்தார். அவள் கொட்டகையின் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடந்துகொண்டிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த அங்காடிக்கு ஏற்கெனவே காய் கொடுக்கிற ஊர் எது என்று மட்டும் கார்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டாள். அவர்கள் கிளம்பியதும் கணவரிடம் வந்தாள்.

"வண்டியை எடுங்க. போய்ப் பார்த்துட்டு வரலாம்."

"சாப்பிட்டுப் போகலாமே."

"வழியில சாப்பிடலாம்."

பக்கத்து மாவட்டத்தில், மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஊர். வேன் நிற்பதற்குள் இறங்கிவிட்டாள். தோட்டத்து முகப்பில் ஒருவர் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடப்பக்கம் அங்காடியின் பெயர் போட்ட பெட்டிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. வலப்பக்கம், தரையில், அதைவிட உயரமான ஒரு குவியல்.

"இதெல்லாம் அவங்க வேண்டாம்னு தள்ளினதா?" என்று கேட்டாள்.

"ஆமா. சிறுசு, கோணல், புள்ளி."

"அதை வெளியில விக்கலாமா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் யார் என்று கேட்கவில்லை. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பெட்டியைக் காட்டி, "உக்காருங்க, சொல்றேன்" என்றார்.

"பரவாயில்ல, சொல்லுங்க" என்று அவள் நின்றபடியே கேட்க ஆரம்பித்தாள்.